இசிஎன்ஆர் கவசம் இல்லை, தம்பி

இந்த வருடம் என் அலுவலகப் படியேறிய ஆறாவது குடும்பம் இது. பையன் பி.காம். பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 என்று அழைத்துப் போயிருக்கிறார்கள். விமான நிலையத்தில் கார் காத்திருந்தது. எட்டு மணி நேரம் ஓடி, மேசோட் என்ற எல்லை ஊரில் நின்றது. ராத்திரியோடு ராத்திரியாக மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவாடி. பாஸ்போர்ட் கையை விட்டுப் போய்விட்டது. ஏதோ ஒரு பெண்ணின் படத்தை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் பேசிப் பணம் கறப்பதுதான் அந்த 'டேட்டா என்ட்ரி'.

கிளம்பும் முன் அவனை எச்சரித்த சித்தப்பாவிடம் அவன் கேட்டானாம்: "வெள்ளைக்காரன் நினைத்த நாட்டுக்குப் போகிறான். நாங்கள் போனால் மட்டும் ஏன் இத்தனை கேள்வி?"

நியாயமான கேள்விதான். பாஸ்போர்ட் அட்டையைப் பார்த்து மனிதனை எடை போடும் உலகம் இது. ஆனால் உங்களுக்கு இருக்கும் அந்தக் கோபத்தை ஏஜெண்டும் நன்றாக அறிந்து வைத்திருக்கிறான். "உனக்கு இசிஎன்ஆர் (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவையில்லாத பாஸ்போர்ட்), உன்னை எவனும் தடுக்க முடியாது" என்று அவன் சொன்னதும் உலகமே நம் ஊர் என்று தோன்றிவிடுகிறது.

இதைத்தான் எத்தனை முறை சொல்வது! இசிஎன்ஆர் என்பது அந்தஸ்து இல்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, அவருடைய ஒப்பந்தத்தை நம் அரசு பார்த்து அனுமதி தரவேண்டும். அந்தப் பட்டியலில் தாய்லாந்தும் உண்டு. நீங்கள் படித்தவர் என்பதால் அந்தச் சரிபார்ப்பு கிடையாது. அதாவது உங்கள் ஒப்பந்தத்தை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான். (நர்ஸுகளுக்கு மட்டும், படித்திருந்தாலும், அந்த நாடுகளுக்கு அனுமதி கட்டாயம். ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.)

தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றது, சுற்றிப் பார்க்க. வேலை பார்க்க இல்லை. "போனதும் மாத்திக்கலாம்" என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் தப்பித்து ஆற்றைத் தாண்டி வந்தாலும், அத்துமீறி நுழைந்ததாக தாய்லாந்து போலீஸ் பிடித்து வைக்கும். 2022-இல் மீண்டு வந்த நம் பையன்கள் சிலருக்கு அதுவும் நடந்தது.

ஏஜெண்டின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். ஆள் காணாமல் போவான்.

இன்னொன்று, தயவு செய்து. பாஸ்போர்ட் நகலையும் ஏஜெண்டின் நம்பரையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இந்தப் பையனின் அம்மாவிடம் இருந்தது ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு மட்டும். பாஸ்போர்ட் எண்ணைத் தேடுவதிலேயே எங்களுக்கு ஒரு நாள் போய்விட்டது.