கியர்பாக்ஸுக்குள் ரோஸ்மில்க்

போன வருஷம் ஆடிக் காற்று அடங்கிய நேரம் திசையன்விளைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் போன் போட்டார். மும்பையில் தொழில். லீவுக்கு ஊருக்கு வந்தால் பிள்ளைகளோடு கடலில் ஒரு சுற்றுப் போய்வர, டீசல் இன்போர்டு எஞ்சின் (படகுக்கு உள்ளேயே இருப்பது) வைத்த படகு ஒன்றை வாங்கித் தூத்துக்குடியில் நிறுத்தியிருக்கிறார்.

"தம்பி, கியர் போட்டா எஞ்சின் சத்தம்தான் ஏறுது, படகு நகர மாட்டேங்கு."

"கியர்பாக்ஸ் ஆயில் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ரெண்டு வருஷமா ஒரு சொட்டு குறையலைல்லா. சொல்லப்போனா கொஞ்சம் கூடத்தான் நிக்கி."

கடைசியில் சொன்னாரே, அது போதும், எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூடிக் கிடக்கிற பெட்டிக்குள் ஆயில் ஊற்றெடுக்காது. அளவு கூடுகிறதென்றால் வேறெதுவோ உள்ளே போகிறது. கடலில் மிதக்கிற படகில் அந்த வேறெதுவோ பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். நேரில் போய், ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப் ஸ்டிக்கை உருவினால், செக்கச்செவேலென்று இருக்கவேண்டிய ஆயில் நம்மூர் ரோஸ்மில்க் மாதிரி இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது.

தண்ணீர் எப்படிப் போனது? இந்த மாதிரி கியர்பாக்ஸ் பலவற்றில் சூடாகும் ஆயிலை ஆற்றுவதற்கு கூலர் ஒன்று இருக்கும். மெல்லிய குழாய்களுக்குள் கடல்தண்ணீர் ஓடும், வெளியே சுற்றி ஆயில் ஓடும். அந்தக் குழாயை உப்பு அரித்துக் குண்டூசி முனையளவு ஓட்டை போட்டால் போதும், இரண்டும் கலந்துவிடும். கலந்தபின் கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு ஊறி உரியும், பேரிங் துருப்பிடிக்கும். அண்ணாச்சியின் படகில் இரண்டுமே நடந்திருந்தது. கூலரை மட்டும் நேரத்தில் மாற்றியிருந்தால் சின்னச் செலவோடு முடிந்திருக்கும்.

அவரைக் குறை சொல்லவில்லை. ஆயில் குறைந்தால்தான் பிரச்சினை என்று காரிலும் பைக்கிலும் பழகிவிட்டோம். படகில் குறைந்தாலும் சந்தேகப்பட வேண்டும், கூடினால் அதைவிட அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும்.

அளவு பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. படகு தண்ணீரில் சமமாக மிதக்கும்போது பார்க்க வேண்டும். கரையில் மணல்மேட்டில் மூக்கைத் தூக்கி வைத்துவிட்டு டிப் ஸ்டிக்கை உருவினால் அது சொல்வது பொய்க்கணக்கு. சில கியர்பாக்ஸில் எஞ்சினை அணைத்த உடனே பார்க்கச் சொல்வார்கள், நேரம் கழித்துப் பார்த்தால் கூலரிலும் ஹோஸிலும் இருக்கும் ஆயில் இறங்கி வந்து அளவைக் கூட்டிக் காட்டும். சிலவற்றில் ஆறிய பிறகு பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக் மூடியில் மரை இருந்தால், மரையை இறுக்கிப் பார்ப்பதா, மேலே சும்மா வைத்துப் பார்ப்பதா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். கூட வந்த புத்தகத்தைப் பரணில் போடாதீர்கள். இதற்கெல்லாம் பதில் அதில்தான் இருக்கிறது.

அளவு பார்த்ததும் டிப் ஸ்டிக்கைத் திரும்பச் சொருகிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து நிறத்தைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் வழுக்கிச் சூடாகிறது என்று அர்த்தம். நுரை தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம், அளவுக்கு மேல் ஊற்றினாலும் கியர் அடித்து நுரை கட்டும். ஒரு பாட்டிலில் எடுத்து ஒரு மணி நேரம் வையுங்கள். காற்று நுரை என்றால் அடங்கி ஆயில் தெளியும், தண்ணீர் கலந்தது அப்படியே பாலாக நிற்கும். அதற்கும் சந்தேகம் தீரவில்லையா? கரைக்கு வந்து, பெட்ரோல் டீசல் பக்கத்தில் இல்லாத இடத்தில், பழைய தகரத்தைச் சூடாக்கி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் தோசைக்கல்லில் தெளித்த மாதிரி படபடவென்று பொரியும்.

மாற்றுகிற வேலை பெரிய வித்தை இல்லை. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கி, அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிரெயின் போல்ட் இருக்கும், ஆனால் அதன் அடியில் பாத்திரம் வைக்க இடம் இருக்காது. அதனால் டிப் ஸ்டிக் ஓட்டை வழியாகக் கைப்பம்பு போட்டு உறிஞ்சுவதுதான் வழக்கம். என்ன ஆயில் என்பது கியர்பாக்ஸ் தகட்டிலோ புத்தகத்திலோ இருக்கும். சிலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுகிற ஆயில்), சிலவற்றுக்கு 30 நம்பர் எஞ்சின் ஆயில். லாரிக்காரர்கள் பவர் ஸ்டீரிங் ஆயில் என்று வாங்குகிற சிவப்பு ஆயில்தான் பெரும்பாலும் ஏடிஎஃப், கடையில் அப்படிக் கேட்டாலும் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஏடிஎஃபையும் எஞ்சின் ஆயிலையும் கலக்கவே கூடாது. ஊற்றியபின் கொஞ்சம் ஓட்டி முன்னும் பின்னும் கியர் போட்டுப் பார்த்து, மறுபடி அளவைச் சரிபாருங்கள். கூலரும் ஹோஸும் தங்கள் பங்கைக் குடித்திருக்கும்.

தண்ணீர் கலந்திருந்ததென்றால் ஒருமுறை மாற்றினால் போதாது. ஓட்டையை அடைத்தபிறகு, ஆயில் நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை ஊற்றி, ஓட்டி, எடுக்க வேண்டும்.

அப்புறம் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டுகிற மோட்டார். உவரி, கூடுதாழை, இடிந்தகரைக் கரைகளில் பைபர் வள்ளத்தில் மாட்டியிருக்கிற அதே மோட்டார்தான் உல்லாசப் படகிலும் இருக்கும். இதில் கியர்பாக்ஸ் தண்ணீருக்குள்ளேயே, புரொப்பல்லருக்கு முன்னால் இருக்கிறது. டிப் ஸ்டிக் கிடையாது. கீழே ஒரு போல்ட், மேலே ஒரு போல்ட். சின்ன மோட்டாரில் அரை லிட்டர் ஆயில்கூடப் பிடிக்காது. அந்த அளவு ஆயிலில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலும் கெட்டதுதான்.

உள்ளே தண்ணீர் போக எங்கள் பக்கம் முதல் காரணம் தங்கூசி நரம்பு, அதாவது மீன்பிடிக்கிற நைலான் நரம்பு. அறுந்து மிதக்கிற நரம்பு புரொப்பல்லர் ஷாஃப்டில் சுற்றி, உள்ளே இழுபட்டு, தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையத்தை (சீல்) வெட்டிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றிப் பார்க்கச் சொல்வேன், செய்கிறவர்கள் குறைவு.

மோட்டாரை ஒரு ராத்திரி நேராக நிறுத்தி வையுங்கள். காலையில் கீழ் போல்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் முதலில் வருவது ஆயிலா தண்ணீரா என்று பார்க்கலாம். தண்ணீர் கனமானது, பிரிந்து நின்றால் அடியில்தான் இருக்கும். பிரியாமல் கலந்தே இருந்தால் கடைப் பால்டீ நிறத்தில் இறங்கும். போல்ட் நுனியில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். கறுப்பாக மை மாதிரி ஒட்டியிருப்பது தேய்மானம், சகஜம். பிசிறு பிசிறாக இரும்புத் துணுக்கு இருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள்.

புது ஆயிலை மேலிருந்து ஊற்றக் கூடாது, நடுவில் காற்று நின்றுகொள்ளும். கீழ் ஓட்டையில் டியூபை வைத்து மேல்நோக்கி ஏற்றி, மேல் ஓட்டையில் வழிந்ததும் மேல் போல்டை முதலில் மூடி, அப்புறம் டியூபை எடுத்துச் சட்டென்று கீழ் போல்டைப் போட வேண்டும். வாஷர் இரண்டும் புதுசு. ஒரு வாஷரை மிச்சம் பிடிக்கப் போய் கியர்பாக்ஸை இழந்தவர்கள் இருக்கிறார்கள். லாரிக்கு ஊற்றுகிற நைன்டி (90 நம்பர்) கியர் ஆயில் போதுமே என்பவர்களுக்கு: படகுக்கென்று வருகிற கியர் ஆயிலில் தண்ணீரைச் சமாளிக்கும் மருந்து சேர்த்திருக்கும். காற்று வீசும் கடற்கரையில் நின்றும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். நம் தேரிச் செம்மணலுக்குக் கியர் பல்லைத் தின்னத் தெரியும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? புதிதாக வாங்கியது என்றால் முதல் மாற்றம் சீக்கிரமே வரும், புத்தகத்தில் மணிக்கணக்கு போட்டிருப்பார்கள். அதன்பின் பொதுவாக 100 மணி நேர ஓட்டம் அல்லது வருஷம் ஒன்று, எது முந்துகிறதோ அது. உல்லாசப் படகு வருஷத்துக்கு 20 மணி நேரம் ஓடினாலே அதிகம். 'ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்' என்று எல்லோரும் கேட்கிறார்கள். சும்மா கிடக்கும்போதுதான் தண்ணீர் பேரிங்கைத் தின்கிறது. அதனால் ஆனி, ஆடியில் கடல் குமுறும் என்று படகை மேலே ஏற்றினால், ஏற்றுகிற அன்றைக்கே ஆயிலை மாற்றிவிடுங்கள். மறுபடி இறக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், பழைய ஆயிலில் உள்ள தண்ணீருக்கு இரண்டு மாசம் விருந்து வைத்த மாதிரி.

எடுத்த ஆயிலைப் படகின் அடியில் விடுவதும் கடலில் கவிழ்ப்பதும் இன்னும் நடக்கிறது. தூத்துக்குடிக்கு அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருக்கின்றன, சுற்றிலும் பவளப்பாறை. கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், பழைய ஆயில் எடுக்கிறவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். மரச்சட்டத்தில் கரையானுக்குப் பூச என்று என்னிடம் பழைய ஆயில் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அண்ணாச்சி படகிலிருந்து எடுத்ததை அவர்களில் ஒருவரிடம் காட்டினேன். "இது என்னவே, கூழு மாதிரி இருக்கு" என்று கேனைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்.