உண்மைக் கூலி

கையில் வாங்கும் ரூபாய் பணக் கூலி. அந்த ரூபாய்க்கு எவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய் கிடைக்கும் என்பது உண்மைக் கூலி. ‘ரியல் வேஜ்’ என்பதற்குப் பாடநூல்கள் தந்த பெயர் இது. ‘ரியல்’ சொல்லின் வேர் லத்தீன் ‘ரெஸ்’, அதாவது பொருள், பண்டம். 1776-இல் பொருளியலாளர் ஆடம் ஸ்மித் உழைப்பின் ‘ரியல்’ விலை என்றதும் வாழ்க்கைக்கு வேண்டிய பண்டங்களின் அளவைத்தான். ‘பண்டக் கூலி’ என்றிருந்தால் இன்னும் பொருந்தும். ‘உண்மை’ என்றதும் மற்றது பொய்க்கூலிபோலத் தொனிக்கிறது. சிலர் எழுதும் ‘மெய்க்கூலி’யிலும் சிக்கல் உண்டு: குறள் 619-இன் ‘மெய்வருத்தக் கூலி’யில் மெய் உடம்பல்லவா! வழக்கில் ஊன்றிய ‘உண்மைக் கூலி’யே இருக்கட்டும்.

காவிரிப் படுகையில் பெயர் தெரியாமலே பொருள் தெரியும். அறுவடைக் கூலியைக் களத்தில் நெல்லாக அளந்தால், விலைவாசி ஏறினாலும் சோறு குறையாது. 1968-இல் கீழத்தஞ்சைத் தொழிலாளர் கேட்ட உயர்வும் நெல் அளவில்தான். நடவு, களையெடுப்புக் கூலியை ரூபாயில் பேசும்போதுதான் கணக்கு வேண்டியிருக்கிறது.

கூலியை விலைவாசிக் குறியீட்டெண்ணால் (அடிப்படை ஆண்டின் விலையை 100 என வைத்து, விலை எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண்) வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். நடவுக் கூலி 400-லிருந்து 440 ஆகி, குறியீடு 100-லிருந்து 115 ஆனால்: 440 ÷ 115 × 100 = 382.61. கூலி 10% ஏறியும் 4.3% இழப்பு. பதினைந்தில் பத்தைக் கழித்து 5% என்பது தோராயம்தான். விலை வேகமாக ஏறினால் பிழையும் பெருகும். விவசாயத் தொழிலாளருக்கான தனிக் குறியீட்டையே எடுக்க வேண்டும். 1986–87-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அதன் வரிசையில் உணவின் எடை, அதாவது செலவில் உணவின் பங்கு, ஏறத்தாழ 69%. நகரக் குறியீட்டைப் போட்டால் வீட்டு வாடகையும் பிறவும் கலந்து, அரிசி விலையேற்றம் மங்கிவிடும்.

பொருளாதாரம் ஏறும்போது உண்மைக் கூலி குறையும் என்றார் ஆங்கிலேயப் பொருளியலாளர் கெய்ன்ஸ், 1936-இல். பொருளியலாளர்கள் டன்லப்பும் டார்ஷிஸும் அடுத்த மூன்றாண்டுக்குள் புள்ளிவிவரத்தோடு மறுக்க, 1939-இல் அவரே மறுபடி யோசித்தார். சராசரிக் கூலியைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும்: பொருளாதாரச் சரிவில் குறைந்த கூலிக்காரர்களே முதலில் வேலை இழப்பதால், மிஞ்சியவர்களின் சராசரி ஏறியதுபோலத் தெரியும். இது இன்றும் ஏமாற்றும் கணக்கு.

திருப்பூரில் ஆர்டர் குவிந்து, சென்னையில் கட்டட வேலை சூடுபிடித்தால் இங்கே நடவுக்கு ஆள் கிடைக்காது, கூலி ஏறும். அங்கே படுத்துவிட்டால் ஆட்கள் ஊர் திரும்புவார்கள். அப்போதும் பேசிய நாள்கூலி லேசில் இறங்காது, வேலைநாள்தான் இறங்கும். 2012-இல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்காமல் குறுவை பொய்த்தபோது சுருங்கியதும் அதுதான். ஆகவே நாள்கூலியை வேலைநாளால் பெருக்கிய பிறகே குறியீட்டால் வகுக்க வேண்டும். வேலை 90 நாளிலிருந்து 60 ஆனால், விலைவாசி அசையாவிட்டாலும் வீட்டுக்கு வரும் பண்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.