ரீமாஸ்டர்: மூல ஓலைக்குத் திரும்பும் ஒரு சொல்

மலேசியாவின் சுங்கை பட்டாணி நகரில், மணிக்கூண்டுக்கு அருகில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். எதிர்ச் சுவரில் ஒரு சுவரொட்டி. வாளைத் தலைக்கு மேல் ஓங்கி நிற்கும் எம்.ஜி.ஆர்.; அவர் காலடியில் பெரிய எழுத்தில் ‘ரீமாஸ்டர்’. என்னோடு வந்திருந்த மாமா எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் மரம் சீவியவர். அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “மாஸ்டர் என்றால் வாத்தியார்தானே தம்பி? வாத்தியார் திரும்பி வருகிறார் என்று போட்டிருக்கிறார்கள்” என்றார்.

திருத்த வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். சொல்லின் ஒரு பாதியை அவர் சரியாகவே பிடித்திருந்தார். மறுபாதியைத் தேடிப் போனபோது கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

‘மாஸ்டர்’ என்பதன் வேர் இலத்தீன் மொழியின் ‘மாகிஸ்டர்’. ‘மாகிஸ்’ என்றால் ‘அதிகம்’, ‘மேலும்’ என்று பொருள். மற்றவர்களைவிட மேலே நிற்பவர் மாகிஸ்டர்: தலைவர், ஆசிரியர், கைதேர்ந்தவர். வடமொழியின் ‘மகா’வும் இதற்கு உறவுதான் என்பார்கள் மொழியியலாளர்கள். இந்தச் சொல் தமிழுக்கு இரண்டு முறை கப்பலேறி வந்திருக்கிறது. முதலில் போர்த்துக்கீசியரின் ‘மெஸ்த்ரே’ வழியாக வந்து நம்மிடம் ‘மேஸ்திரி’ ஆனது. பிறகு ஆங்கிலத்தின் வழியாக வந்து ‘மாஸ்டர்’ ஆகவே தங்கிவிட்டது. (தோட்டத்து ‘மண்டோர்’ என்ற சொல்லும் போர்த்துக்கீசியம் வழியாக மலாய்க்கு வந்ததுதான், ஆனால் அதன் வேர் வேறு, கட்டளையிடுபவர் என்பது பொருள்.) கட்டடம் கட்டுமிடத்து மேஸ்திரியும் டீ மாஸ்டரும் ஸ்டண்ட் மாஸ்டரும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

‘வாத்தியார்’ என்பதோ ‘உபாத்தியாயர்’ திரிந்து வந்த சொல். பள்ளி ஆசிரியருக்கும் அதுதான் பெயர், சிலம்பம் கற்றுக்கொடுப்பவருக்கும் அதுதான். திரையில் கம்பும் வாளும் சுழற்றிய எம்.ஜி.ஆரை மக்கள் வாத்தியார் என்று அழைத்ததற்குத் தோட்டப்புறத்தில் யாரும் விளக்கம் கேட்டதில்லை. காலையில் தொழிலாளர்களுக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், மாலையில் சிலம்பம் பழகிய இளைஞர்களுக்கு இரண்டு வாத்தியார்கள் இருந்தார்கள்: ஒருவர் எதிரில், ஒருவர் திரையில்.

ஆனால் ‘ரீமாஸ்டர்’ என்ற சொல்லில் உள்ள மாஸ்டர் ஆள் அல்ல, ஒரு பொருள். மாமா தவறவிட்டது இந்தப் பாதியைத்தான். சுவரொட்டி அச்சடிப்பவர்களும் செய்தி எழுதுபவர்களும்கூட இதைத்தான் தவறவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

இசைத்தட்டுக் காலத்தில், பாடலை முதன்முதலாகப் பதிந்த தட்டிலிருந்து வார்ப்பெடுத்து, அதிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். எல்லாப் படிகளுக்கும் தலையாக நிற்கும் அந்த முதற்பொருளுக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர். அடுத்த நிலைத் தட்டு ஒன்றை ‘மதர்’, அதாவது தாய், என்றே அழைத்தார்கள். காந்த நாடா வந்தபோது ‘மாஸ்டர் டேப்’ ஆனது. 1982இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்த பின்னர், பழைய நாடாக்களிலிருந்து புதிதாக ஒரு மாஸ்டரை உருவாக்கும் வேலை பெருகியது. ‘ரீ’ என்றால் மறுபடி. மாஸ்டரை மறுபடி உருவாக்குவதே ரீமாஸ்டர். இசையிலிருந்து அந்தச் சொல் திரைப்படத்துக்கு வந்தது.

திரைப்படத்தில் மாஸ்டர் எது என்பதைப் புரிந்துகொள்ளப் பிலிம் எப்படிப் பெருகியது என்பதைப் பார்க்க வேண்டும். கேமராவுக்குள் ஓடியது நெகட்டிவ். அதிலிருந்து ஓர் இடைப்படி, அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர்களுக்குப் போகும் பிரிண்டுகள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூர்மை குறையும். பிரிண்ட் நகரத்துத் தியேட்டரில் ஓடித் தேய்ந்து, சிற்றூர்த் தியேட்டரில் ஓடித் தேய்ந்து, கடைசியாகத் தோட்டத்துத் திடலுக்கு வரும். எங்களுக்குக் கிடைத்தது அந்தக் கடைசி ஓட்டம்தான்.

சம்பளம் போட்ட வாரத்தில் லாரி வரும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாயும் கச்சான் பொட்டலமுமாய்ப் போய் உட்காருவோம். திரையில் மழை பெய்துகொண்டே இருக்கும்; கீறல்களைத்தான் மழை என்கிறேன். வானம் இளஞ்சிவப்பாக இருக்கும், ஆற்று நீரும் அப்படியே. அக்காலத்து வண்ணப் பிலிமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும், மிஞ்சுவது செம்மை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். சிறுவயதில் அரச காலத்து வானமே அந்த நிறம் என்று நம்பியிருந்தேன்.

பிலிம் அறுந்தால் அறுந்த துண்டை வெட்டிவிட்டு ஒட்டுவார்கள். ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள்; இரண்டு அடி பிலிம் போனால் 32 சட்டகங்கள் போயின. வசனக் காட்சியில் இது ஒரு சொல்லை விழுங்கும், அவ்வளவுதான். சண்டைக் காட்சியில் ஒரு வாள்வீச்சு முழுவதும் காணாமல் போய்விடும். எங்களுக்கு வந்த ஒரு படத்தில் கதாநாயகர் அரண்மனை மாடத்தின் விளிம்பில் நிற்பார்; கண்மூடித் திறப்பதற்குள் கீழே தரையில் வில்லனோடு பொருதிக்கொண்டிருப்பார். நடுவில் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. வாத்தியாரின் வேகம் அப்படி என்று பேசிக்கொண்டோம்.

ரீமாஸ்டர் செய்பவர்கள் இந்தத் தேய்ந்த பிரிண்டிலிருந்து தொடங்குவதில்லை, தொடங்கவும் கூடாது. நெகட்டிவைத் தேடிப் போகிறார்கள். அது கிடைக்காவிட்டால் அதற்கு மிக அருகில் நிற்கும் படியைத் தேடுகிறார்கள். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000 சட்டகங்கள். ஒவ்வொன்றையும் துடைத்து, ஸ்கேன் செய்து, கீறலும் தூசியும் நீக்கி, வண்ணத்தை ஒப்பிட்டு, ஒலித்தடத்தின் இரைச்சலைத் தணித்து, புதிய மாஸ்டர் ஒன்றைச் செய்கிறார்கள். நெகட்டிவ் நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் சரியான காப்பறை இல்லாமல் கிடந்தால், படலம் சிதைந்து காடி வாடை வீசத் தொடங்கிவிடும். அந்த வாடை வந்த பிறகு நேரம் அதிகமில்லை.

பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 1964இல் வந்த படம். டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் மறுபடி திரைக்கு வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. அவரே இயக்கிய, எம்.ஜி.ஆர். வாள் சுழற்றிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965இல் வந்தது. 2014இல் திரும்பி வந்தது. பிறகு இத்தகைய வெளியீடுகள் அடுத்தடுத்து வந்தன. இது தமிழ்ப் படங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நம் ஊர்ப் பையன்கள் பார்த்து வளர்ந்த ஹாங்காங் ஷா பிரதர்ஸ் குங்ஃபூ படங்களின் கருவூலத்தை, எழுநூற்றுக்கும் மேற்பட்ட படங்களோடு, செலஸ்டியல் பிக்சர்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கியது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். செய்தித்தாள்களில் ‘மெருகேற்றப்பட்ட’, ‘புதுப்பொலிவுடன்’ என்ற தொடர்களைப் பார்க்கிறோம். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. மெருகு மேற்பரப்பில் பூசுவது. பொலிவு கண்ணுக்குத் தெரிவது. ரீமாஸ்டரின் உயிர் எந்தப் படியிலிருந்து தொடங்கினார்கள் என்பதில் இருக்கிறது. ‘மீளுருவாக்கம்’ என்றால் படத்தையே மறுபடி எடுத்தது போல் ஒலிக்கிறது. ‘மறுபதிப்பு’ நூலுக்குப் போய்விட்டது.

மூலத்துக்கும் படிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தமிழுக்கு வழி தெரியாதா? பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் இதை ஒரு வழக்குமன்றக் காட்சியாகவே எழுதி வைத்திருக்கிறார். சுந்தரரின் திருமணத்தில் கிழ வேதியராக வந்த சிவபெருமான் ‘நீ எனக்கு அடிமை’ என்று ஓலை காட்ட, சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே வேதியர் அமைதியாகச் சொல்கிறார்: கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது. படியோலை, மூல ஓலை! இதைவிடத் தெளிவாக ஒரு பிரிண்டையும் ஒரு மாஸ்டரையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? பெரியபுராணத்தை எத்தனையோ முறை கோயிலில் கேட்டிருந்தும், இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் அந்த இரண்டு சொற்களும் என் காதில் விழுந்தன.

இன்னும் முன்னால் போகலாம். பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மறுபடி வெட்டுவித்தார். அவ்வாறு வெட்டியதை மறைக்கவில்லை. ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று பொறித்தே வைத்தார்கள். பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்பது பொருள். எதிலிருந்து எடுத்தோம் என்று பார்ப்பவரிடம் ஒளிக்காமல் சொல்லும் அந்த நேர்மையை எண்ணி வியக்கிறேன்.

செயலுக்கும் சொல் இருக்கிறது: ‘புதுக்குதல்’. கோயிலைப் பழுதுபார்த்துப் புதுக்குவதற்கென்று விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் ‘புதுக்குப்புறம்’ என்கின்றன. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் திருப்பணி செய்தபோது அம்மனை மாற்றவில்லை, சிதைந்ததைச் சீராக்கினோம். புதுக்குதல் அதுதான்.

ஆகவே என் பரிந்துரை: மாஸ்டர் என்பதற்கு ‘மூலப்படி’, ரீமாஸ்டர் என்பதற்கு ‘மூலப்படி புதுக்கல்’. சுவரொட்டிக்கு ‘மூலப்படி புதுக்கிய படம்’. ‘மறுமூலம்’ என்றும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் மூலம் ஒன்றுதான், அதற்கு மறு இல்லை. தனியே ‘மூலம்’ என்று நிறுத்தினால் நோயையும் நட்சத்திரத்தையும் நினைவூட்டும் என்பதால் ‘படி’யோடு சேர்த்தேன். பத்திரப் பதிவில் ‘மூலப்பத்திரம்’, ‘தாய்ப்பத்திரம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். மலாயிலும் மாஸ்டர் படியைத் தாய் என்ற பொருள்படும் ‘இண்டோக்’ என்ற சொல்லைச் சேர்த்தே சொல்வார்கள். ஆகவே ‘தாய்ப்படி’ என்று யாராவது எழுதினால் நான் மறுக்க மாட்டேன். டிஜிட்டல் என்பதற்கு இங்கே ‘இலக்கவியல்’ என்றும் சிங்கப்பூரில் ‘மின்னிலக்கம்’ என்றும் ஏற்கெனவே சொல் உண்டு.

மறுவெளியீடு வேறு, வண்ணமேற்றல் வேறு, மறுவாக்கம் வேறு. இவற்றைக் குழப்பினால் ஏமாறுவது டிக்கெட் வாங்குபவர்தான். சில ஆண்டுகளுக்கு முன் ரீமாஸ்டர் என்று விளம்பரம் பார்த்துக் குடும்பத்தோடு ஒரு படத்துக்குப் போனேன். வீடியோத் தட்டிலிருந்ததைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். வாள்முனையெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறியது. முகங்கள் மெழுகுப் பொம்மைகள் போல் வழவழப்பாக இருந்தன. பிலிமுக்கே உரிய நுண்மணிகளின் சொரசொரப்பை அழுக்கு என்று எண்ணித் துடைத்தால் தோலும் சேர்ந்து போய்விடும். தொண்ணூறு வெள்ளிக்கு மேல் செலவானது. பணம் போனதைவிட, “உங்கள் காலத்துப் படம் இப்படித்தான் இருக்குமா அப்பா?” என்று என் மகள் கேட்டதுதான் வலித்தது. ‘மூலப்படி புதுக்கிய படம்’ என்று எழுத வேண்டியிருந்தால், எந்த மூலப்படி என்ற கேள்வி அந்தத் தொடருக்குள்ளேயே வந்துவிடும்.

சண்டைப் படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மூலப்படியின் கூர்மையில் முன்பு துணித்திரையில் தெரியாதவை தெரியும்: இடுப்பில் கட்டிய கயிறு, குதிப்பவருக்குக் கீழே விரித்த மெத்தையின் ஓரம், நாயகருக்குப் பதிலாக விழும் டூப் நடிகரின் முகம். இவற்றைக் கணினியில் அழித்துவிடலாம். அழிக்கக் கூடாது என்பேன். விழுந்து எழுந்தவரின் முகம் அரை நொடி தெரிந்தால் தெரியட்டும். தம் எலும்பைப் பணயம் வைத்தவர் அவர். வாள் மோதும் ஒலியைப் புதிதாகச் சேர்ப்பதும் எனக்குப் பிடிக்காது. அது புதுக்கல் அல்ல, ஒட்டுவேலை.

அந்தச் சுவரொட்டிப் படத்துக்கு மாமாவை ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். வானம் நீலமாக இருந்தது. படம் பாதியைத் தாண்டியபோது அந்த அரண்மனை மாடம் வந்தது. எங்கள் தோட்டத்துத் திடலில் அறுந்துபோன அதே இடம். நாயகர் விளிம்பில் நின்றார், பக்கத்துத் திரைச்சீலையைப் பிடித்தார், அது கிழிந்துகொண்டே வர, அதைப் பற்றியபடி மெல்லச் சறுக்கிக் கீழே இறங்கினார். மாமா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

“சீலையைப் பிடித்துத்தான் இறங்கியிருக்கிறார் தம்பி” என்றார்.