ஒரே ஓர் எண்ணை மாற்ற இரண்டு வாரம்

தளி பக்கம் ரோஜா பாலிஹவுஸ் வைத்திருக்கும் ஒரு பெரியவர், சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் ஓசூரில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். அவருடைய ஃபாகரை, அதாவது பனிபோல் நீர் தெளிக்கும் கருவியை, நேரம் பார்த்துப் போட்டு நிறுத்தும் கன்ட்ரோலரைச் செய்து கொடுத்தது நான்தான். ஒவ்வொரு தடவையும் 20 விநாடி ஓடுகிறது, இலை ஈரம் காயவே மாட்டேன் என்கிறது, அடிச்சாம்பல் நோய் தலைகாட்டுகிறது, 12 விநாடியாகக் குறைத்துக் கொடுங்கள் என்றார். பிப்ரவரி 14-ஐ நம்பித்தான் இந்தப் பக்கத்து ரோஜாக்காரர்கள் டிசம்பரிலேயே கவாத்து செய்கிறார்கள். ஒரு வாரம் தவறினால் அந்த வருடத்துக் கணக்கே தவறிவிடும்.

புரோகிராமில் ஒரே ஓர் எண்ணைத்தான் மாற்ற வேண்டும். எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அந்த புரோகிராமை நான் ஒரு நிறுவனத்தின் கட்டணக் கம்பைலரில் எழுதியிருந்தேன். நாம் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். லைசென்ஸ் ஒரு குறிப்பிட்ட கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு ஏற்கெனவே போய்விட்டது. கேட்டு எழுதினேன். அந்தப் பதிப்புக்கு இப்போது ஆதரவு இல்லை, வருடச் சந்தா கட்டிப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. சந்தாத் தொகை, அந்தக் கன்ட்ரோலருக்கு நான் வாங்கிய மொத்தப் பணத்தைவிட அதிகம். இலவசப் பதிப்பு ஒன்று இருந்தது. ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புரோகிராம் பெரிதானால் அது ஏற்காது. என்னுடையது பெரிது.

"ஏன் தம்பி, நீங்க எழுதினதுதானே? நீங்களே மாத்த முடியாதா?" என்று பெரியவர் கேட்டார். சோர்ஸ் கோட் என் கையில் இருந்தது. சிப் அவர் பாலிஹவுஸில் இருந்தது. நடுவில் இருந்த கதவின் சாவி மட்டும் இன்னொருவரிடம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் எஸ்டிசிசி என்ற கட்டற்ற கம்பைலருக்கு, அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய ஒன்றுக்கு, அந்த புரோகிராமை மாற்றினேன். சி மொழி ஒன்றுதான் என்றாலும், இன்டரப்டை (நடக்கும் வேலையை இடையில் நிறுத்திச் சிப்பைக் கூப்பிடும் சைகையை) குறிக்க, சிப்பின் ஒரு காலுக்குப் பெயர் வைக்க, எந்த நினைவகத்தில் எது இருக்க வேண்டும் என்று சொல்ல, ஒவ்வொரு கம்பைலருக்கும் தனக்கென்று சில சொற்கள் உண்டு. அந்தச் சொற்களில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். எழுதும்போது வசதியாக இருக்கும், வெளியே வர நினைக்கும்போதுதான் வலி தெரியும். ஒவ்வொரு கோப்பாக மாற்றி, ரிலேயும் டைமரும் முன்போலவே நடக்கின்றனவா என்று மேசையில் வைத்துச் சோதித்து முடிக்கையில் 14 நாள் போயிருந்தது. அந்த 14 நாளும் அவர் வீட்டார் காலையும் மாலையும் ஃபாகரைக் கையால்தான் போட்டு நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகுதான், நிறுவனங்களின் பூட்டிய கருவியா, கட்டற்ற கருவியா என்ற இரு தரப்புச் சண்டை என் தொழிலோடு எவ்வளவு ஒட்டியது என்று புரிந்தது. எஃப்பிஜிஏ என்ற சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே இருக்கும் சுற்றை நாமே மென்பொருளால் அமைத்துக்கொள்ளலாம். அப்படி அமைக்கும் கோப்புக்கு பிட்ஸ்ட்ரீம் என்று பெயர். அதில் எந்த பிட் எதற்கு என்பதைச் சிப் செய்பவர்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. அதனால் அவர்களுடைய மென்பொருள் இல்லாமல் அவர்களுடைய சிப் வெறும் கல். 2015-இல் கிளேர் உல்ஃபும் உடன் இருந்தவர்களும் 'புராஜெக்ட் ஐஸ்ஸ்டார்ம்' என்ற பெயரில், லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 சிப்புக்கு அந்த ரகசியத்தைப் படித்து எழுதி வெளியிட்டார்கள். வயரிங் வரைபடம் இல்லாத வீட்டில், ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு எந்த பல்பு எரிகிறது என்று பார்த்து எழுதி வைப்போமே, அதுதான் முறை. சுற்றில் ஒரு சிறு மாற்றம், நிறுவனத்தின் மென்பொருளை ஓட்டு, எந்த பிட் மாறியது என்று பார். இதையே சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அதன்மேல்தான் யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் போன்ற கட்டற்ற கருவிகள் இன்று அந்தச் சிப்பில் தொடக்கம் முதல் முடிவு வரை வேலை செய்கின்றன.

2020-இல் அதே லாட்டிஸ் தன் மென்பொருள் ஒன்றின் லைசென்ஸில், பிட்ஸ்ட்ரீமை இப்படி ஆராயக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் அதை எடுத்துவிட்டது. அந்தச் சிப்பைக் கட்டற்ற கருவிகளுக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருந்தார்கள். வாடிக்கையாளரை வெளியே தள்ளும் வரி அது என்று நிறுவனத்துக்குப் புரிந்ததே நல்ல விஷயம்.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நல்ல கம்பைலர் எழுத வருடக்கணக்கில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சில பகுதிகளை அவர்களே வேறொருவரிடம் லைசென்ஸ் வாங்கியிருப்பார்கள், நினைத்தாலும் திறந்துவிட முடியாது. ஓசூரில் வண்டிக் கம்பெனிகளுக்கு பிரேக், என்ஜின் சம்பந்தமான போர்டு செய்பவர்களிடம் வண்டி மின்னணுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரத்துக்குத் தகுதி காட்டிய கருவி எங்கே என்று கேட்பார்கள். அங்கே பணம் கட்டி வாங்குவதே சரி. என் மனத்தாங்கல் விலையைப் பற்றியது கிடையாது. விற்ற பிறகும் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதைப் பற்றியது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் சிறு பட்டறைகளில் பலர் இதற்குக் கண்டுபிடித்த வழி கிராக், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. தயவுசெய்து வேண்டாம். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் மென்பொருளைப் பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாக வாங்கிய மென்பொருளோடு நாம் தனியாக எழுதிய மென்பொருள் சேர்ந்து இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, நாமே தேடி எடுப்பதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. கிராக் போடுகிறவரையும் ஐஸ்ஸ்டார்ம் செய்தவர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். அது எனக்குப் பொறுக்காது.

போன வருடம் பென்னாகரத்திலிருந்து ஒரு மாணவி இன்டர்ன்ஷிப்புக்கு வந்தாள். கல்லூரி லேபில் ஒரு பெரிய நிறுவனத்தின் எஃப்பிஜிஏ மென்பொருளில்தான் படித்திருக்கிறாள். அது பல பத்து ஜிபி இடம் கேட்கும், அவளுடைய பழைய லேப்டாப்பில் இறங்கவே இல்லை. "லேபை விட்டு வந்தா எனக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கு அண்ணா" என்றாள். ஐஸ்40 போர்டு ஒன்றைக் கொடுத்து, யோசிஸை ஏற்றச் சொன்னேன். மதியத்துக்குள் எல்இடி மின்னியது. அன்று சாயங்காலம் அந்த போர்டைத் தர்மபுரி பஸ்ஸில் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

இப்போது சிப் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கு முன் நான் பார்ப்பது, ஜிசிசியோ எஸ்டிசிசியோ, ஏதாவதொரு கட்டற்ற கம்பைலர் அதற்கு இருக்கிறதா என்பதை. அப்புறம், அந்த போர்டோடு சம்பந்தமே இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, முதலிலிருந்து கம்பைல் செய்து பார்க்கிறேன். அதில் வராவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. கட்டணக் கருவிதான் வேண்டும் என்றால், சந்தா முடிந்த பிறகும் பழைய பதிப்பு ஓடுமா, கம்ப்யூட்டர் மாறினால் லைசென்ஸை மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். கேட்டால் சில விற்பனையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். கேளுங்கள்.

என் பேனல்களின் கதவுக்குள் இப்போது ஒரு கவர் ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு பென்டிரைவ். சோர்ஸ் கோட், கம்பைலர், எப்படி ஏற்றுவது என்று தமிழில் ஒரு பக்கம். சென்ற மாதம் கெலமங்கலத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு எலக்ட்ரீஷியன் பையன் போன் செய்தான். நேரத்தை அவனே மாற்றி, கம்பைல் செய்து முடித்துவிட்டான். புரோகிராம் ஏற்றும் கேபிளில் சிவப்பு ஒயர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மட்டும் கேட்டான்.