ஃப்ளோ பெஞ்சின் கதவு இடுக்கு

ஒரு என்ஜின் சிலிண்டர் ஹெட்டின் இன்டேக் போர்ட்டை, அதாவது காற்று உள்ளே போகும் வழியை, தேய்த்து முடித்து ஃப்ளோ பெஞ்சில் ஏற்றினேன். மோட்டாரால் காற்றை உறிஞ்சியோ ஊதியோ, ஹெட் வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கும் பெட்டி அது. தேய்ப்பதற்கு முன் எடுத்த அளவைவிட 9 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று என்ற கணக்கு) கூடுதல். ஹெட்டைக் கொடுத்தவருக்கு அப்போதே போன் செய்து சொல்லியும் விட்டேன். மறுநாள் காலையில்தான் கவனித்தேன், பெஞ்சின் பக்கக் கதவில் இருக்கும் நான்கு கிளாம்புகளில் ஒன்று பூட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் ஆரிஃபிஸ் தட்டை (காற்றை அளக்க அதன் வழியில் வைக்கும் ஓட்டையுள்ள தட்டு) மாற்றிய அவசரத்தில் விட்டது. பூட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் கூடுதல் வெறும் 2 சிஎஃப்எம். மீதி ஏழும் கதவு மூலை வழியாக வந்த காற்று. திரும்பவும் போன் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு அவ்வளவு சுகமாக இல்லை.

வீட்டிலேயே பெஞ்ச் செய்கிறவர்கள் பெட்டியின் மூட்டுகளில் காட்டும் அக்கறையைக் கதவில் காட்டுவதில்லை. பசை போட்டு, ஸ்க்ரூ அடித்து, உள்மூலைகளில் சீலண்ட் இழுத்துவிட்டால் மூட்டுக்கதை முடிந்தது. அது நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. கதவு அப்படியில்லை. ஆரிஃபிஸ் மாற்ற, மோட்டாரைப் பார்க்க, உள்ளே விழுந்த நட்டை எடுக்க என்று திறந்துகொண்டே இருப்போம். ஒவ்வொரு முறை மூடும்போதும் அது ஒரு புதுக் கதவு.

இந்தக் கசிவின் குணம் ஒன்று உண்டு. அது கெட்ட செய்தியைத் தராது, நல்ல செய்தியைத்தான் தரும். ஹெட்டுக்கும் ஆரிஃபிஸுக்கும் நடுவில் உள்ள மேல் அறையில் ஓட்டை இருந்தால், உறிஞ்சும்போது வெளிக்காற்றும் சேர்ந்து ஆரிஃபிஸ் வழியாகப் போகும். ஊதும்போது, ஆரிஃபிஸைத் தாண்டி வந்த காற்று ஹெட்டுக்குப் போகாமல் வெளியே ஓடிவிடும். இரண்டிலும் மானோமீட்டர் (அழுத்த வித்தியாசத்தைத் தண்ணீர் மட்டத்தால் காட்டும் குழாய்) அதிகமாகத்தான் காட்டும். ஆரிஃபிஸுக்கு அப்புறம் மோட்டார் பக்கம் உள்ள கதவு கசிந்தால் அளவு கெடாது, மோட்டாருக்குத்தான் வீண் வேலை. ஆகவே சீல் போடுவதில் உங்கள் பொறுமை மொத்தமும் மேல் அறைக் கதவுக்குப் போகட்டும்.

எவ்வளவு சின்ன ஓட்டை எவ்வளவு விழுங்கும் என்று பார்த்தால் நம்ப முடியாது. பெஞ்சில் வழக்கமாக வைக்கும் 28 இஞ்ச் தண்ணீர் அழுத்தத்தில் (அவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம்) காற்று விநாடிக்கு 100 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும். 6 மி.மீ. ஸ்க்ரூ ஓட்டை ஒன்றை அடைக்க மறந்தால் ஏறக்குறைய 4 சிஎஃப்எம் அதிலேயே போய்விடும். ஒரு நாள் முழுக்கப் போர்ட்டைத் தேய்த்துக் கிடைக்கும் லாபம் பல நேரம் அவ்வளவுதான்.

‘பெஞ்சை காலிபரேஷன் தட்டு வைத்துச் சரிபார்த்துவிட்டேன், கசிவும் அதிலேயே அடங்கிவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். கசிவு 6 சிஎஃப்எம். ஹெட் இடத்தில் சரியாக 150 சிஎஃப்எம் விடும் காலிபரேஷன் தட்டை வைத்தால் பெஞ்ச் 156 காட்டும். 150-ஐ 156-ஆல் வகுத்து, வந்த எண்ணால் எல்லா அளவையும் பெருக்குகிறோம். இப்போது வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, உண்மையில் 40 விடுகிற இடத்தில் அளந்தால் பெஞ்ச் 46 காட்டும், பெருக்கியபின் 44. பத்து சதவீதம் பொய். உண்மையில் 250 விடும் இடத்திலோ 246 என்று குறைத்துச் சொல்லும். கசிவு கூட்டலாக வருகிறது, நாம் பெருக்கலால் திருத்தப் பார்க்கிறோம். சரியாக வருவது அந்த 150-ல் மட்டும்தான்.

சரி, கதவுக்கு வருவோம். 30 செ.மீ. சதுரக் கதவில் 28 இஞ்ச் அழுத்தம் சுமார் 64 கிலோ பாரமாக விழும். உறிஞ்சும்போது அந்தப் பாரம் கதவைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தி நமக்கே உதவி செய்யும். எக்ஸாஸ்ட் போர்ட்டை அளக்க ஊதும்போது அதே 64 கிலோ கதவை வெளியே தள்ளும். உறிஞ்சலில் அசையாத கதவு ஊதலில் சீறுவது இதனால்தான். அலமாரிக் கீல், காந்தப் பூட்டெல்லாம் இதற்கு ஆகாது. நாலு பக்கமும் டாகிள் கிளாம்ப் அல்லது இறகு நட்டு வேண்டும். கதவு 18 மி.மீ. பிளைவுட்டாக இருந்தால் நல்லது. மெல்லிய பலகை கிளாம்புகளுக்கு நடுவில் வில்லாக வளையும், அந்த வளைவில் ஃபோம் தொடவே தொடாது.

ஃபோம் டேப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பஞ்சு மாதிரி இருக்கும் ஃபோமுக்குள் காற்று தாராளமாக நடக்கும். ஒரு துண்டை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று போனால் அது தூசிக்கு ஆகும், பெஞ்சுக்கு ஆகாது. உள்ளே உள்ள குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் மூடியிருக்கும் நியோப்ரீன் அல்லது ஈபிடிஎம் ரப்பர் ரகம் வேண்டும். கார் கதவுக்குப் போடும் உள்ளீடற்ற ரப்பர் பீடிங்கும் நன்றாக வேலை செய்கிறது.

ஒட்டுவதில் பலரும் தவறுவது மூலையில். நாலு துண்டாக வெட்டி மூலைக்கு மூலை முட்டவைத்தால் நாலு கசிவு இலவசம். ஒரே நீளமாக மூலைகளில் வளைத்துக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தின் நடுவில் முடியுங்கள். இரு முனைகளையும் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, நடுவில் ஒரு பொட்டு ரப்பர் பசை. 10 மி.மீ. ஃபோம் கதவு மூடியபின் 6 அல்லது 7 மி.மீ. ஆக அமுங்கினால் போதும். அதற்குமேல் நசுங்காதபடி சட்டத்தில் சின்னச் சின்னக் கட்டைகளை ஒட்டிவிடுங்கள். நசுங்கியே கிடக்கும் ஃபோம் சில மாதங்களில் எழும்புவதை நிறுத்திவிடும். மோட்டார் சூடு வேறு பசையை இளக்கும். கழன்ற ஃபோம் துண்டு நேராக மோட்டார் விசிறிக்குத்தான் போகும்.

பலகையே கசியும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பெயின்ட் படாத எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வழியாகக் காற்று போகும். சிஎன்சி வாக்குவம் மேசைகளில் அதன் ஊடாக உறிஞ்சித்தான் வேலைப்பொருளைப் பிடித்துவைக்கிறார்கள். கதவின் உள்பக்கம், ஓரங்கள், சட்டம் எல்லாவற்றுக்கும் இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள். வயர் நுழையும் இடத்துக்கு, வயரைச் சுற்றி இறுகிப் பிடிக்கும் கேபிள் கிளாண்ட்.

சோதிப்பது எளிது. ஹெட் உட்காரும் துளையை ரப்பர் ஷீட் வைத்துத் தட்டையான தகட்டால் மூடுங்கள். மோட்டாரை மெதுவாக ஏற்றுங்கள்; துளை மூடியிருப்பதால் அழுத்தம் சட்டென்று எகிறி மானோமீட்டர் தண்ணீரையே பெட்டிக்குள் உறிஞ்சிவிடும், எனக்கு இரண்டு முறை ஆகியிருக்கிறது. 28 இஞ்சில் நிறுத்தி, ஆகச் சிறிய ஆரிஃபிஸில் அளவைப் படியுங்கள். 1 சிஎஃப்எம்முக்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன். அதிகமென்றால் கதவு ஓரமாக ஊதுபத்தியை நகர்த்துங்கள், புகை எங்கே உள்ளே வளைகிறதோ அங்கே கோளாறு. ஊதும் பக்கத்துக்கு சோப்புத் தண்ணீர்.

இந்தச் சோதனையில் சிக்காத ஒன்று உண்டு. மேல் அறை, கீழ் அறை இரண்டுக்கும் ஒரே நீளக் கதவு வைத்திருந்தால், ஆரிஃபிஸ் உட்காரும் நடுத்தடுப்பின் விளிம்பும் அந்தக் கதவில்தான் அழுந்தி உட்கார வேண்டும். அங்கே இடுக்கு இருந்தால் காற்று ஆரிஃபிஸைத் தொடாமல் குறுக்கு வழியில் போகும். பெஞ்ச் குறைத்துக் காட்டும். வெளியே சத்தமும் வராது, புகையும் வளையாது. ஆரிஃபிஸ் இடத்தில் ஓட்டையில்லாத தட்டைப் போட்டு, மேல் துளையையும் மூடி மோட்டாரை ஓட்டுங்கள். மேல் அறை மானோமீட்டர் விறுவிறுவென்று ஏறினால் தடுப்பு கசிகிறது. என் முதல் பெஞ்சில் ஏறியது. மேல் அறைக்குத் தனிக் கதவு போட்ட பிறகுதான் அது அடங்கியது.

இப்போது கதவின்மேல் பென்சிலால் தேதியும் கசிவு அளவும் எழுதிவைக்கிறேன். கதவைத் திறந்தால் பழைய எண்ணை அழித்துவிடுவேன். எண் இல்லாத கதவோடு எந்த ஹெட்டையும் ஏற்றுவதில்லை.