வெள்ளிக் கம்பி வரைந்த குதிரைகள்

லியொனார்டோ டா வின்சி 1490ஆம் ஆண்டை ஒட்டி மிலான் நகரில் வரைந்த குதிரைகள் பலவும் இன்று இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில், அரச சேகரிப்பில் இருக்கின்றன. மிலானின் முன்னாள் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவின் நினைவாக வார்க்கவிருந்த மாபெரும் வெண்கலக் குதிரைச் சிலைக்காக, கலேயாட்சோ சான்செவெரினோவைப் போன்ற பிரபுக்களின் லாயங்களில் நின்ற உயரினக் குதிரைகளை அவர் அளந்து வரைந்தார். சிலைக்குரிய வெண்கலம் 1494இல் பீரங்கி வார்க்கப் போய்விட்டது, எஞ்சியவை தாள்களே.

அவற்றுள் சிறந்தவை எனக்குத் தோன்றுபவை, நீலப் பூச்சிட்ட தாளில் உலோக முனையால் வரையப்பட்டவை. வெறும் தாளில் வெள்ளிக் கம்பியை இழுத்தால் தடம் சரியாக விழாது. அதனால் எலும்பைச் சுட்டு அரைத்த வெண்பொடியை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையில் குழைத்து, நிறமி சேர்த்து, தாளின்மேல் பூசி உலர்த்தினார்கள். கம்பி நகரும்போது அப்பூச்சிலுள்ள கடினமான துகள்கள் வெள்ளியைச் சுரண்டி, நுண்ணிய அளவில் தம்மிடமே இருத்திக்கொள்கின்றன. முதலில் சாம்பல் நிறமாகத் தெரியும் அந்தக் கோடு, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களுடன் வினைபுரிந்து வெள்ளி சல்பைடாக மாறுவதால், நாளடைவில் பழுப்பேறுகிறது. வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைக் கறுக்க வைப்பதும் இதே வினைதான்.

இம்முறையில் பெரிய கட்டுப்பாடு ஒன்று உண்டு. கரிக்கட்டியைப் போல அழுத்தி வரைந்து கோட்டைத் தடிமனாக்க இயலாது. அளவுக்கு மீறி அழுத்தினால் பூச்சுதான் கீறும். எளிதில் அழிக்கவும் முடியாது. ஆகவே நிழல் வேண்டிய இடத்தில் மெல்லிய கோடுகளை அடுத்தடுத்து நெருக்கி இழுத்தாக வேண்டும். மார்புத் தசையின் திரட்சியில் தொடங்கி முன்னங்காலின் எலும்பை நோக்கி மெதுவாக மாறிச்செல்லும் ஒளியைக் காட்ட, இந்த நெருக்கமான கோடுகளே மிகப் பொருத்தமானவை. லியொனார்டோ இடக்கைப் பழக்கமுடையவர் என்பதால், அவருடைய நிழற்கோடுகள் பெரும்பாலும் மேல் இடப்புறத்திலிருந்து கீழ் வலப்புறமாகச் சரிகின்றன; அவர் கையை அடையாளம் காண ஆய்வாளர்களுக்கு இது உதவுகிறது.

கம்பியில் தாமிரம் மிகுந்திருந்தால் கதையே வேறு. வின்சரிலேயே, மனிதக் கைகளை அவர் வரைந்து பார்த்த ஒரு தாள் வெறுமையாகத் தோன்றுகிறது. கோடுகளிலிருந்த தாமிரம் நாளடைவில் நிறமற்ற உப்பாக மாறிவிட்டது. புற ஊதா ஒளியில் வைத்தால் அதே கோடுகள் விரல் விரலாகத் தெளிகின்றன.