வழுக்கும் கண்ணாடியில் தங்கம் ஒட்டுவது எப்படி?

தூரிகையில் இருக்கும்போது தங்கம் தங்கமாகத் தெரியாது. கோப்பையின் விளிம்பில் தீட்டுகையில் அது டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு பிசுபிசுப்பு, அவ்வளவுதான். சூளைக்குள் போய் வந்த பிறகுதான் மினுக்கம்.

காரணம், அந்தத் திரவத்தில் தங்கத்தூளே கிடையாது. கந்தகமும் பிசினும் சேர்ந்த எண்ணெயில் தங்க அணுக்கள் வேதிப்பிணைப்பில் கரைந்து கிடக்கின்றன. 1830 வாக்கில் ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையில் பிறந்த வித்தை இது. சூடேறினால் எண்ணெய் எரிந்து போகும். மிஞ்சும் தங்கம், தலைமுடித் தடிமனில் பல நூற்றில் ஒரு பங்காகப் படியும்.

படிந்தால் போதுமா, ஒட்ட வேண்டாமா? தங்கம் ஆக்சிஜனோடு எளிதில் சேராது. கண்ணாடியோ முழுக்க ஆக்சைடு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. சும்மா சுட்டால், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி தங்கம் குட்டிக்குட்டி உருண்டைகளாகத் திரண்டுவிடும். அதைத் தடுக்க ரோடியம் என்ற உலோகத்தைத் துளி சேர்க்கிறார்கள். கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள பிஸ்மத் என்ற இன்னொரு உலோகம்.

சூட்டிலும் கவனம் வேண்டும். தங்கம் உருகுவது 1064 டிகிரி செல்சியஸில். சூளையோ ஏறக்குறைய 500 டிகிரிதான். ‘கிரிஸ்டல்’ எனப்படும் உயர்தரக் கண்ணாடியில் கால் பங்கோ அதற்கு மேலோ ஈய ஆக்சைடு. ஒளியை அழகாகச் சிதறடிக்கும் அதே ஈயம் கண்ணாடியைச் சீக்கிரம் இளகவும் வைக்கிறது. சூடு குறைந்தால் தங்கம் விரலோடு வந்துவிடும், கூடினால் கோப்பையே கோணிக்கொள்ளும்.

பிரான்ஸின் லொரேன் பகுதியில் உள்ள சேன்-லூயி ஆலை 1781-இல் ஈயக் கிரிஸ்டல் செய்யக் கற்றது. 1908-இல் அங்கே உருவான ‘திசில்’ கோப்பைகளில் லொரேனின் சின்னமான முட்பூச்செடி தங்கத்தில் பூத்திருக்கும். இந்த வகை வேலையில் எனக்குப் பிடித்தது அமிலத்தின் பங்கு. அரிக்கக் கூடாத இடத்தில் காப்புப் பூச்சு பூசிவிட்டு, கண்ணாடியைத் தின்னும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் முக்குவார்கள். பூச்சில்லாத இடம் பள்ளமாகும். பிறகு மேலே தங்கம் தீட்டிச் சுடுவது. இங்கே பயன்படுவது முதலில் சொன்ன திரவம் அல்ல, தூள் தங்கக் குழம்பு. சூளையிலிருந்து மங்கலாகத்தான் வரும். வழவழப்பான அகேட் கல்லால் தேய்க்கத் தேய்க்க, கல் படுகிற மேடு பளபளக்கும். கல் எட்டாத பள்ளம் மங்கலாகவே நிற்கும். ஒரே தங்கம்தான், இரண்டு நிறமாகத் தெரிகிறது!

தங்கம் தீட்டிய கோப்பைகளை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரச் சோப்போ தங்கத்துக்கு அடியிலுள்ள கண்ணாடியை மெல்ல அரித்துவிடும். பிடிமானம் போன தங்கம் விளிம்பிலிருந்து உரிய ஆரம்பிக்கும்.